ஆறாம் வகுப்பிலேயே முடிவாகும் டாக்டர் படிப்பு
பொன்முடித் தமிழ்ப் பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு மனுப் போடுவது?

பொன்முடி:

பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து, நீட் தேர்வின் மதிப்பெண்ணும் கைக்கு வந்த பிறகு, எந்த மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடலாம் என்று யோசிப்பதே பொதுவாக எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். கல்லூரியின் வயது என்ன, கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளின் எண்ணிக்கை எப்படி என்றெல்லாம் விசாரித்து விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடியின் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. அவர்களுடைய பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்கு மனுப் போட முடியும் என்பது பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அப்படியொரு முடிவை எடுத்துவிட்டோம் என்பதே பெற்றோருக்கு ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வருகிறது.

இதை விளக்க ஓர் உதாரணம் போதும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காள் தங்கை இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காள் தன் மகளை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் சங்கரன்கோவில் பக்கம் உள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பி, அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுகிறாள். தங்கையோ மகளைப் பிரிய மனமின்றி, மலையடிவாரத்தில் விதுராவில் உள்ள அரசுப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்புகிறாள். இரு பெண்களும் ஒரே குடும்பம், ஒரே ஜாதி, வீட்டு வருமானமும் ஏறக்குறைய ஒன்றே. நீட் தேர்வில் இருவரும் ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள். அக்காள் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, கட்டணமும் சர்க்காரே கட்டிவிடுகிறது. தங்கை மகள் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்த வித்தியாசத்தை உண்டாக்கும் விதிகள் கற்பனையல்ல. இரு மாநிலங்களின் சேர்க்கை விதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் எவருக்கும் இது புலப்படும்.

மூன்று வாசல்கள்

2025-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி நடந்த நீட் தேர்வுக்கு நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர். தேர்வு ஒன்றே என்றாலும், அந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு போய்த் தட்டக்கூடிய வாசல்கள் பல. பொன்முடிக் குடும்பத்துக்கு அவற்றில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, கேரள மாநில ஒதுக்கீடு. அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் இதில் அடங்கும். இரண்டாவது, இதே போன்ற தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீடு. மூன்றாவது, எஞ்சிய 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனங்களின் இடங்களும் இந்த மூன்றாவது வாசலைச் சேர்ந்தவையே. தனியார் கல்லூரிகள் வேறு இருக்கின்றன. ஆனால் கேரளத்துச் சுயநிதிக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணமே ஆறு லட்ச ரூபாய்க்கும் மேல் என்பதால், தோட்டக் கூலியில் வாழும் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

மூன்று வாசல்கள் இருக்கின்றன என்று கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தால்தான் சங்கடம் தெரியும்.

கேரள வாசல்

கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. பொன்முடியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அக்கல்லூரியில் இப்போது 250 எம்.பி.பி.எஸ். இடங்கள் உள்ளன. பிறகு கோழிக்கோடு, கோட்டயம், ஆலப்புழை, திருச்சூர் என்று வரிசையாகக் கல்லூரிகள் வந்தன. அண்மைக் காலத்தில் கொல்லம் மாவட்டம் பாரிப்பள்ளியிலும், பத்தனம்திட்டை மாவட்டம் கோன்னியிலும், இடுக்கியிலும் அரசுக் கல்லூரிகள் செயல்படத் தொடங்கின. 2025-இல் வயநாட்டுக்கும் காசர்கோட்டுக்கும் அனுமதி கிடைத்தது. எனவே மாநிலத்தின் தென்கோடியில் உள்ள ஒரு பெண் வீட்டுக்கு அருகிலேயே படிக்கப் போதுமான கல்லூரிகள் இருக்கின்றன.

பொன்முடியிலோ விதுராவிலோ பிறந்த பிள்ளைகள் கேரள மாணவர்களாகவே கருதப்படுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலோ பிறப்புச் சான்றிலோ பிறந்த இடம் கேரளம் என்று இருந்தால் அதுவே ஆதாரம். வெளியில் பிறந்திருந்தாலும் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கேரளத்திலேயே படித்தவர்களை "வெளிமாநிலத்தார், முதல் வகை" என்று சேர்த்துக்கொள்ளும் விதியும் உண்டு. அந்த வகையினருக்குப் பொதுத் தகுதி இடங்கள் மட்டுமே. ஜாதி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையாது.

இங்கே முதல் பொறி ஒன்று இருக்கிறது. நீட் எழுதினால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கேரளத்தில் அப்படி இல்லை. திருவனந்தபுரம் சாந்தி நகரில் உள்ள நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் நடத்தும் "கீம்" சேர்க்கைக்குத் தனியாக மனுப் போட்டிருக்க வேண்டும். மருத்துவத்துக்கென்று அங்கே தேர்வு கிடையாது என்றாலும் மனு கட்டாயம். இந்த மனுவுக்கான காலம் வழக்கமாக நீட் தேர்வு நடப்பதற்கு முன்பே வந்து போய்விடும். தமிழ்நாட்டிலோ நீட் தேர்வு நடந்து முடிந்த பின்னர்தான் மனு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டு உறவினர்களிடம் விசாரித்துவிட்டு, முடிவு வரட்டும் என்று காத்திருக்கும் பொன்முடிக் குடும்பம், நல்ல மதிப்பெண் இருந்தும் கேரளப் பட்டியலில் பெயரில்லாமல் போகும் அபாயம் இருக்கிறது.

1950 என்ற கோடு

இரண்டாவது பொறி இதைவிட ஆழமானது. அது ஜாதிச் சான்றிதழ் சம்பந்தப்பட்டது.

பட்டியல் சாதிகளைக் குறிக்கும் ஜனாதிபதியின் உத்தரவு 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியாயிற்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல். ஒருவர் எந்த மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவரோ அந்த மாநிலத்தில்தான் சலுகை பெறலாம் என்பதே இதன் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே ஒரு மருத்துவக் கல்லூரி வழக்குதான் என்பது கவனிக்கத்தக்கது. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்த ஒரு மாணவர், தந்தையின் உத்தியோகத்தை முன்னிட்டு பம்பாயில் வளர்ந்தார். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் ஒதுக்கீட்டு இடம் கேட்டபோது, மகாராஷ்டிரப் பட்டியலில் அவர் இல்லை என்று மறுக்கப்பட்டது. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பின் நிழல் பொன்முடி லயங்களின் மீதும் விழுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் இந்த மலையில் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறினார்கள். சிலர் பாட்டன் காலத்தில் வந்தவர்கள், சிலர் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள். 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டினால் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று கிடைக்கும். காட்டாவிட்டால் கிடைக்காது. அந்தச் சமூகத்தின் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் பயனில்லை.

எதைக் கொண்டு காட்டுவது என்பதுதான் கேள்வி. நிலம் வைத்திருப்பவனுக்குப் பட்டா இருக்கும், வரி ரசீது இருக்கும். லயத்தில் குடியிருந்தவனுக்கு வீடும் தோட்டத்துக்குச் சொந்தம், நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். அவன் பெயர் இருந்த ஒரே காகிதம் தோட்டத்துச் செக்ரோல். தோட்டங்கள் கைமாறும்போதும் மூடப்படும்போதும் அந்தப் பழைய பதிவேடுகளைப் பத்திரப்படுத்தி வைப்பார் யார்?

இந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை தேவிகுளம் தொகுதி வழக்கு நாடறியக் காட்டியது. 2021-இல் அந்தத் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்று அறிவித்தது. அவருடைய மதம் பற்றிய கேள்வியோடு, அவருடைய குடும்பம் 1950-க்கு முன்பே கேரளப் பகுதியில் குடியேறிவிட்டதா என்பதும் அவ்வழக்கில் விவாதமாயிற்று. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, தேர்தல் செல்லும் என்றது. ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே தம் பாட்டன் வந்த ஆண்டை நிரூபிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்கும் தாய் தன் மகளுக்காக எதுவரை போக முடியும்?

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. அதற்கு முன் அவை நெடுமங்காட்டைப் போலவே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதிகள். ஆகவே 1950-இல் விளவங்கோட்டில் இருந்து, 1956-க்கு முன்பே பொன்முடிக்கு ஏறி வந்த குடும்பம் மாநில எல்லை எதையும் தாண்டவில்லை. எல்லைதான் பின்னால் அவர்களைத் தாண்டிப் போயிற்று. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வந்தவர்களின் நிலை வேறு. வில்லேஜ் ஆபீசில் மனுக் கொடுக்கும்போது பூர்வீகம் "தமிழ்நாடு" என்று மொட்டையாக எழுதிவிடாமல், எந்தத் தாலுகா, எந்த ஆண்டு என்று விவரமாக எழுதுவது நல்லது. ஒரு வார்த்தையில் ஒரு தலைமுறையின் உரிமை அடங்கியிருக்கலாம்.

ஒதுக்கீட்டுச் சான்று கிடைக்காவிட்டால், பிறந்த இடத்தால் கேரள மாணவியாகவும் ஜாதிச் சான்றில் வெளிமாநிலத்தவளாகவும் ஒரே பெண் இரு வேறு ஆளாகிறாள். கேரளத்தில் பட்டியல் சாதியினருக்குள்ள 8 சதவீத இடங்களில் அவளுக்குப் பங்கில்லை. பல ஆண்டுகள் பயிற்சி வகுப்பில் படித்து வருவோரோடு பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு வாசல்

அப்படியானால் தமிழ்நாட்டுக்குப் போகலாமே என்று தோன்றும். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் 150 இடங்களோடும், திருநெல்வேலியில் 250 இடங்களோடும், தூத்துக்குடியில் 150 இடங்களோடும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசுக் கல்லூரிகள் திறக்கப்பட்டபின், தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை 36 ஆயிற்று. ஒதுக்கீடும் அங்கே 69 சதவீதம். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், பட்டியல் சாதியினர் ஆகியோருக்கு இடங்கள் தாராளம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. நீட் வந்த பிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள். இச்சட்டம் அமலான முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. இந்த இடங்களுக்குப் பொதுப் பிரிவைவிட மிகக் குறைந்த மதிப்பெண் போதும். கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்தச் சலுகையைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட அக்காள் மகள், தமிழ்நாட்டுத் தாசில்தாரிடம் ஜாதிச் சான்றும் பெற்றிருந்தால், இந்த வாசலில் நேராக நுழைந்துவிடுகிறாள். விதுரா அரசுப் பள்ளியில் படித்த தங்கை மகளும் அரசுப் பள்ளி மாணவிதான், அவளும் ஏழைதான், தமிழச்சிதான். ஆனால் அவள் படித்த அரசுப் பள்ளி வேறு அரசினுடையது. கேரளத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று இது போன்ற தனி ஒதுக்கீடு மருத்துவத்தில் இல்லை. மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையிலும் இடம் கிடையாது.

7.5 சதவீதம் போனாலும் மற்ற இடங்களுக்கு மனுப் போடலாமா? வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பூர்வீகத்தவர் பிறப்பிடச் சான்றும், பெற்றோரின் தமிழ்நாட்டுத் தொடர்பைக் காட்டும் பள்ளிச் சான்று போன்ற காகிதங்களும் கொடுத்தால் மனுவை ஏற்பார்கள். தந்தை சங்கரன்கோவிலில் படித்துவிட்டுப் பொன்முடிக்கு வந்தவரானால் இது நடக்கும். தந்தையும் பொன்முடியில் பிறந்து இங்கேயே படித்தவரானால், காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. பாட்டன் 1950-க்குப் பின் வந்ததால் கேரளத்தில் ஒதுக்கீடு இல்லை. தந்தை இங்கேயே பிறந்ததால் தமிழ்நாட்டில் பூர்வீகம் இல்லை. இரண்டு பக்கமும் விதி சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் நிற்கும் பெண்ணுக்குத்தான் இடமில்லை.

இந்த நெருக்கடியில் இரு மாநிலங்களிலும் சொந்த மாநிலத்தவர் என்று மனுப் போட்டுப் பார்க்கலாமே என்று யோசனை சொல்வோர் உண்டு. அதை நம்பி இறங்கக் கூடாது. ஒரே மாணவர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இடம்பெறும் விவகாரம் 2017-இல் தமிழ்நாட்டில் பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போயிற்று. அப்படி இரட்டைப் பூர்வீகம் கோருவோரின் மனு தள்ளுபடியாவதோடு, கிடைத்த இடமும் பறிபோகும்.

அகில இந்திய வாசல்

மூன்றாவது வாசல்தான் இந்தப் பிள்ளைகளைப் பூர்வீகம் கேட்காத வாசல். மாநிலத்துக்கு மாநிலம் பிறப்பிட விதிகள் இறுகி வருவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 1984-இல் தந்த தீர்ப்பின் மூலம் ஒரு பகுதி இடங்களை நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது. இன்றைய 15 சதவீதம் அதிலிருந்து வந்ததே. இதில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் உண்டு. 2021 முதல் பிற்பட்டோருக்கு 27 சதவீதமும், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவீதமும் சேர்க்கப்பட்டன.

வேறு மாநிலத்தில் குடியேறிய பட்டியல் சாதியினரின் பிள்ளைகளுக்கு, தந்தையின் பூர்வீக மாநிலச் சான்றை ஆதாரமாகக் கொண்டு, இப்போது வசிக்கும் மாநிலத்து அதிகாரியே சான்று தரலாம் என்று மத்திய உள்துறை 1982-இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தச் சான்று கேரள ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லும். ஆகவே கேரளச் சான்று மறுக்கப்பட்ட தங்கை மகள் தட்ட வேண்டிய முதல் வாசல் இதுவே. ஆனால் இப்படி ஒரு சான்று உண்டு என்பதே தோட்டத்தில் பலருக்குத் தெரியாது.

இந்த வாசலில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நாகர்கோவில் கல்லூரியின் 150 இடங்களில் சுமார் 22-ம், திருநெல்வேலியின் 250 இடங்களில் சுமார் 37-ம் அகில இந்திய ஒதுக்கீட்டைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் இவள் மனுப் போடலாம். திருவனந்தபுரம் கல்லூரியின் அகில இந்திய இடங்களையும் அதே பட்டியலில் எழுதலாம். விருப்பக் கல்லூரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பழைய, பெயர் பெற்ற கல்லூரிகளின் பொதுப் பிரிவு இடங்கள் முதல் சில ஆயிரம் ராங்குக்குள்ளேயே நிரம்பிவிடும் என்பதால், அவற்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது பிசகு. புதிய அரசுக் கல்லூரி, தூரத்து அரசுக் கல்லூரி எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும். அரசுக் கல்லூரியின் எம்.பி.பி.எஸ். எந்த ஊரில் படித்தாலும் எம்.பி.பி.எஸ். தான்.

இதற்கு முன்பணம் பொதுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பதிவு செய்தால் முன்பணம் இரண்டு லட்சமாகிவிடும். கம்ப்யூட்டர் மையத்தில் யாரோ தவறாகப் பொத்தானை அழுத்திவிட்டு, ஏழைக் குடும்பம் இரண்டு லட்சத்துக்கு அலையக் கூடாது. முதல் சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விடலாம். இரண்டாம் சுற்றிலிருந்து அப்படி விட்டால் முன்பணம் போய்விடும்.

கேள்வித்தாளின் மொழி

மனுவில் இன்னொரு சிறு கட்டம் பெரிய விளைவை உண்டாக்கும். நீட் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது. ஆனால் தமிழ்க் கேள்வித்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் ஆகிய இடங்களின் தேர்வு மையங்களில் மட்டுமே கிடைக்கும். கேரள மையங்களில் ஆங்கிலம், இந்தி தவிர மலையாளம்தான். தமிழில் எழுத விரும்பும் பொன்முடி மாணவி தேர்வு மையமாக நாகர்கோவிலையோ திருநெல்வேலியையோ குறிப்பிட வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, கேட் 1.30-க்கே அடைபடும். காலையில் மலையிலிருந்து புறப்பட்டுப் பஸ்ஸையும் ரயிலையும் நம்பிப் போவது உசிதமன்று. முதல் நாளே போய்த் தங்குவதே நல்லது.

பாடப்புத்தக விஷயத்தில் மட்டும் கேரளப் பள்ளி மாணவிக்கு அனுகூலம் உண்டு. நீட் கேள்விகளுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகங்களே கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் பாடம். தமிழ்நாட்டில் மாநிலப் பாடநூல் தனி. கேரளப் பள்ளி புத்தகத்தைக் கொடுக்கிறது, தமிழ்நாட்டுப் பள்ளி ஒதுக்கீட்டைக் கொடுக்கிறது. பெற்றோர் இரண்டையும் எடை போட்டுப் பார்க்க வேண்டியது பிள்ளையின் பத்தாவது வயதில்.

அந்த வயதில் மூன்றாவது வழி ஒன்றும் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. விதுரா அருகே சேட்டச்சல்லில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான ஜவஹர் நவோதயா வித்யாலயம் உள்ளது. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கே இலவசம். இடங்களில் 75 சதவீதம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. சேர்க்கையும் ஆறாம் வகுப்பில்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே தேர்வு எழுத வேண்டும். 7.5 சதவீதத்துக்காகப் பிள்ளையைப் பிரிய மனமில்லாதவர்கள் இதையாவது முயன்று பார்க்கலாம்.

எல்லை தாண்டிய பழைய மாணவர்

மருத்துவப் படிப்புக்காக எல்லை தாண்டுவது திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. இந்நகரில் 1863-இல் பிறந்த டாக்டர் பல்பு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும், ஈழவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டார். சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் படித்துப் பட்டம் பெற்றார். திரும்பி வந்தபோது சமஸ்தானத்தில் உத்தியோகமும் கிடைக்காமல் மைசூர் சமஸ்தானத்தில் சேவை செய்தார். 1896-இல் பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான ஈழவர்களின் கையெழுத்தோடு மகாராஜாவுக்கு அளிக்கப்பட்ட மனு அவருடைய முயற்சியே.

அன்று பல்புவைத் தடுத்தது வெளிப்படையான ஜாதி வெறுப்பு. இன்று பொன்முடிப் பெண்ணைத் தடுப்பது வெறுப்பன்று. நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட இரு சட்டங்களுக்கு இடையில் விடப்பட்ட இடைவெளி. ஆனால் அன்று பல்புவுக்குச் சென்னையின் கதவு திறந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

நீதிமன்றங்களின் போக்கும் இந்த இடைவெளியைக் குறைப்பதாக இல்லை. மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு கூடாது என்று 2025 ஜனவரியில் கூறிய உச்ச நீதிமன்றம், எம்.பி.பி.எஸ். அளவில் ஓரளவு அதை அனுமதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கடைசி நான்கு ஆண்டுகள் தெலங்கானாவிலேயே படித்திருக்க வேண்டும் என்ற அம்மாநில விதியை ஏற்றுக்கொண்டது. எந்த மாநிலத்துப் பள்ளியில் படித்தார் என்பதே மேலும் மேலும் முக்கியமாகி வருகிறது என்பது இவற்றிலிருந்து தெளிவு.

செய்ய வேண்டியது

இரு அரசுகளும் மனம் வைத்தால் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பூர்வீகத்துக்குப் பழைய செக்ரோல், பிராவிடன்ட் பண்டு கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றை ஆதாரமாக ஏற்பது பற்றி கேரள அரசு தெளிவான உத்தரவு போடலாம். மூடிய தோட்டங்களின் பதிவேடுகள் கறையானுக்கு இரையாகும் முன் அவற்றைக் கைப்பற்றித் தாலுகா ஆபீசில் வைக்கலாம். எல்லைக்கு அப்பால் அரசுப் பள்ளியில் படித்த தமிழ்க் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதத்தில் ஒரு சில இடங்களையாவது ஒதுக்க முடியுமா என்று தமிழ்நாடு அரசு ஆராயலாம்.

அவையெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை சில. பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே மூன்று வழிகளையும் யோசித்து முடிவு செய்ய வேண்டும். பாட்டன், தந்தை இருவருடைய காகிதங்களையும் இப்போதே தேடி எடுத்து, ஜாதிச் சான்றுக்கு மனுக் கொடுத்து, மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும். பிளஸ் டூ ஆண்டில் நீட் மனுவோடு கீம் மனுவையும் சேர்த்தே போட வேண்டும். அகில இந்தியப் பதிவை மறக்கக் கூடாது. எந்த மாநிலத்தைச் சொந்த மாநிலமாகக் கொள்வது என்பதில் ஒரே நிலையில் நிற்க வேண்டும்.

பொன்முடியில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் 22 வளைவுகளையும் இறங்கி விதுரா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அங்கே முடியாதென்றால் நெடுமங்காட்டுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். லயத்தில் பிறந்த ஒரு பெண் டாக்டராகி வந்தால் அவள் பாட்டன் எந்த ஆண்டு மலையேறினார் என்று நோயாளி கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கும் அலுவலகங்கள் பதிலைத் தேடிக் கொடுப்பதிலும் கொஞ்சம் உதவினால் போதும்.